பொறி மாற்றம் (மகிழுந்து)

பொறி மாற்றம் என்பது ஒரு மகிழுந்தில் தொழிற்சாலை பொருத்திய பொறியை நீக்கிவிட்டு, அதன் இடத்தில் வேறொரு பொறியைப் பொருத்துவதாகும். பழைய பொறி பழுதுபார்க்க இயலாத நிலையை அடைதல், உதிரிப் பாகங்கள் கிடைக்காமை, கூடுதல் ஆற்றல் தேவைப்படுதல், எரிபொருள் செலவைக் குறைத்தல் ஆகியன இதற்கான முதன்மைக் காரணங்கள். தனிப்பட்ட உரிமையாளர்கள் மட்டுமன்றி, மகிழுந்து நிறுவனங்களும் ஒரு வண்டியின் உடலையும் வேறொரு வண்டியின் பொறியையும் இணைத்துப் புதிய வகைகளை வெளியிட்டுள்ளன. இந்தியாவில் 1980களில் வெளிவந்த கான்டெஸா, பிரீமியர் 118என்இ, ஸ்டாண்டர்டு 2000 ஆகிய மூன்றும் இவ்வாறு உருவானவை. இவற்றுள் ஸ்டாண்டர்டு 2000 செங்கல்பட்டு மாவட்டத்தின் பெருங்களத்தூரில் தயாரிக்கப்பட்டது.

சொல் விளக்கம்

ஒரே வகையைச் சேர்ந்த மற்றொரு பொறியைப் பொருத்துவது பொறி மாற்றீடு எனவும், வேறு வகை அல்லது வேறு நிறுவனத்தின் பொறியைப் பொருத்துவது பொறி மாற்றம் எனவும் பிரித்துக் கூறப்படுகின்றன. முன்னதில் தாங்கிகள், கியர் பெட்டி, குளிர்விப்பு அமைப்பு ஆகியன மாறுவதில்லை. பின்னதில் இவற்றுள் பலவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே பின்னதின் செலவைப் பொறியின் விலையைக் கொண்டு மட்டும் மதிப்பிட இயலாது.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் 1932இல் போர்டு நிறுவனம் வெளியிட்ட விலை குறைந்த வி8 பொறி, பழைய மகிழுந்துகளை மாற்றியமைக்கும் இளைஞர்களிடையே பெரிதும் பயன்பட்டது. 1955இல் வெளிவந்த செவ்ரலே நிறுவனத்தின் சிறிய வி8 பொறி பின்னர் அவ்விடத்தைப் பிடித்தது. இவ்வாறு மாற்றியமைக்கப்பட்ட வண்டிகள் ஹாட் ராட் என அழைக்கப்பட்டன. 1962இல் கரோல் ஷெல்பி, பிரித்தானியாவின் ஏசி ஏஸ் மகிழுந்தின் உடலில் போர்டு வி8 பொறியைப் பொருத்தி ஏசி கோப்ரா எனும் வண்டியை உருவாக்கினார்.

பிரித்தானியாவில் ரோவர் நிறுவனம், அமெரிக்காவின் பியூக் நிறுவனம் கைவிட்ட அலுமினிய வி8 பொறியின் உரிமையைப் பெற்று 1967 முதல் தன் வண்டிகளில் பயன்படுத்தியது. இப்பொறி 1968இல் மார்கன் பிளஸ் 8 வண்டியிலும், 1973இல் எம்ஜிபி ஜிடி வி8 வண்டியிலும் இடம்பெற்றது. எடை குறைவாக இருந்ததால், நான்கு உருளைப் பொறிக்காக வடிவமைக்கப்பட்ட சிறிய வண்டிகளிலும் இதைப் பொருத்த முடிந்தது.

கியூபாவில் நோக்கம் வேறாக இருந்தது. அமெரிக்க வணிகத் தடைக்குப் பின் உதிரிப் பாகங்கள் கிடைக்காமையால், 1950களின் அமெரிக்க மகிழுந்துகளில் பிற நாட்டு டீசல் பொறிகள் பொருத்தப்பட்டன. அங்கு பொறி மாற்றம் விருப்பத்தால் அன்றி, வண்டியைத் தொடர்ந்து ஓட்ட வேண்டிய தேவையால் நிகழ்ந்தது. இந்தியாவிலும் நெடுங்காலம் இதே நிலை நிலவியது.

இந்தியாவில்

இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய காலத்தில் இந்தியாவில் புதிய மகிழுந்து வடிவமைப்புகள் அரிதாகவே வெளிவந்தன. அம்பாசடர் மகிழுந்து மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையைத் தழுவி 1950களின் இறுதியில் வெளிவந்தது. அதன் உடல் பெரிதும் மாறாதிருக்க, பொறி பலமுறை மாறியது. தொடக்கத்தில் பக்கவாட்டு வால்வுப் பொறியும், பின்னர் 1489 கன செ.மீ. பிஎம்சி பெட்ரோல் பொறியும், 1980 அளவில் டீசல் பொறியும், 1990களில் 1817 கன செ.மீ. இசுசு பெட்ரோல் பொறியும் அதில் இடம்பெற்றன. இதனால் பழைய அம்பாசடர் ஒன்றில் பிற்காலப் பொறியைப் பொருத்துவது ஒப்பீட்டளவில் எளிதாயிற்று. அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது.

கோயம்புத்தூரைச் சேர்ந்த சு. கரிவரதன், மாருதி 800 மகிழுந்தின் பொறியைப் பயன்படுத்தி ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளை வடிவமைத்தார். பார்முலா மாருதி எனப்பட்ட இவ்வகை வண்டிகள், குறைந்த செலவில் பந்தய ஓட்டுநர்கள் பயிற்சி பெற உதவின.

1980களின் மூன்று மகிழுந்துகள்

1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்த பின்னர், பிற நிறுவனங்கள் தம் பழைய வகைகளுக்கு மாற்றாக ஐரோப்பிய வடிவமைப்புகளை வாங்கின. உடலை வாங்கிய நிறுவனங்கள் பொறியைத் தேர்ந்தெடுத்த முறை ஒவ்வொன்றிலும் வேறுபட்டது.

* கான்டெஸா: பிரித்தானியாவின் வாக்ஸ்ஹால் விஎக்ஸ் வரிசை உடல். இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1984இல் இதை அம்பாசடரின் 1489 கன செ.மீ. பொறியுடன் வெளியிட்டது. எடைமிகுந்த இவ்வுடலுக்கு அப்பொறியின் ஆற்றல் போதவில்லை. 1980களின் பிற்பகுதியில் 1817 கன செ.மீ. இசுசு பொறி பொருத்தப்பட்ட பின்னரே வண்டி வரவேற்பைப் பெற்றது. உற்பத்தி 2002 வரை தொடர்ந்தது.
* பிரீமியர் 118என்இ: இத்தாலியின் பியட் 124 உடல். 1985இல் வெளியிடப்பட்டபோதே 1171 கன செ.மீ. நிசான் ஏ12 பொறியைக் கொண்டிருந்தது.
* ஸ்டாண்டர்டு 2000: பிரித்தானியாவின் ரோவர் எஸ்டி1 உடல். நிறுவனத்தின் சொந்தப் பழைய பொறியுடன் 1985இல் வெளிவந்தது.

பிரீமியர் 118என்இ வண்டியில் பழைய உடலுக்கு அதைவிடப் புதிய பொறி தரப்பட்டது. தொடக்கத்தில் வெளிவந்த கான்டெஸாவிலும் ஸ்டாண்டர்டு 2000 வண்டியிலும் புதிய உடலுக்குப் பழைய பொறி தரப்பட்டது.

ஸ்டாண்டர்டு 2000

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1948இல் சென்னையில் தொடங்கப்பட்டது. வண்டலூருக்கு அருகே பெருங்களத்தூரில் அமைந்திருந்த இதன் தொழிற்சாலை, வான்கார்டு, ஸ்டாண்டர்டு 10, ஹெரால்டு, கெசல் ஆகிய மகிழுந்துகளைத் தயாரித்தது. 1970களின் பிற்பகுதியில் கெசல் நிறுத்தப்பட்ட பின், சரக்கு வண்டிகளை மட்டும் தயாரித்து வந்தது.

1976இல் பிரித்தானியாவில் வெளிவந்த ரோவர் எஸ்டி1, 1977ஆம் ஆண்டின் ஐரோப்பிய மகிழுந்து விருதைப் பெற்றது. அதன் முதல் வகை 3528 கன செ.மீ. அலுமினிய வி8 பொறியைக் கொண்டிருந்தது. ஆறு உருளைப் பொறிகள் கொண்ட 2300, 2600 வகைகள் 1977இலும், 1994 கன செ.மீ. நான்கு உருளைப் பொறி கொண்ட 2000 வகை 1982இலும் வெளிவந்தன.

பெருங்களத்தூரில் இவற்றுள் எதுவும் பயன்படுத்தப்படவில்லை. நிறுவனம் ஏற்கெனவே உள்நாட்டில் தயாரித்து வந்த, வான்கார்டு பொறியின் வழிவந்த 1991 கன செ.மீ. பொறியே பொருத்தப்பட்டது. இதன் உருளை விட்டம் 83 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 92 மி.மீ. ஆகும். கன அளவில் பிரித்தானிய 2000 வகையின் பொறிக்கும் இதற்கும் 3 கன செ.மீ. மட்டுமே வேறுபாடு. ஆயினும் வடிவமைப்பில் ஏறத்தாழ ஒரு தலைமுறை இடைவெளி இருந்தது. வான்கார்டு பொறி இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் வடிவமைக்கப்பட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த பொறிகள் பெர்குசன் உழவு இயந்திரத்திலும், டிரையம்ப் டிஆர்2 விளையாட்டு மகிழுந்திலும், மார்கன் பிளஸ் 4 வண்டியிலும் இடம்பெற்றிருந்தன.

இத்தேர்வு காரணமற்றது அன்று. புதிய பொறியை இறக்குமதி செய்ய அன்னியச் செலாவணி தேவைப்படும். அதை உள்நாட்டில் தயாரிக்கப் புதிய எந்திரங்கள் தேவைப்படும். பழைய பொறிக்கோ வார்ப்பு அச்சுகளும், பயிற்சி பெற்ற தொழிலாளர்களும், உதிரிப் பாகங்களும் ஏற்கெனவே இருந்தன. எனினும் வாங்குவோர் எதிர்பார்த்தது வேறு. உயர்ந்த விலையில், நவீனத் தோற்றத்துடன் வந்த வண்டி, ஆற்றலிலும் எரிபொருள் சிக்கனத்திலும் அத்தோற்றத்துக்கு ஈடாகவில்லை. உற்பத்தி 1988 அளவில் நின்றது, தொழிற்சாலையும் மூடப்பட்டது. மீதமிருந்த எஸ்டி1 உதிரிப் பாகங்களைப் பிரித்தானியாவின் ரிம்மர் பிரதர்ஸ் நிறுவனம் வாங்கியது.

கான்டெஸாவும் இதே தவற்றுடன்தான் தொடங்கியது. ஆனால் அதற்குப் பொறியை மாற்றிக்கொள்ளக் காலமும் இசுசு நிறுவனத்தின் தொழில்நுட்பமும் கிடைத்தன. ஸ்டாண்டர்டு 2000க்கு அவ்வாய்ப்பு கிடைக்கவில்லை.

எஞ்சியுள்ள ஸ்டாண்டர்டு 2000 வண்டிகளின் உரிமையாளர்கள் இன்றும் அதே கேள்வியை எதிர்கொள்கின்றனர். எஸ்டி1 உடலின் பொறி அறை வி8 பொறிக்காக வடிவமைக்கப்பட்டது. ஆகவே பெரிய பொறிக்கும் இடம் உண்டு. மறுபுறம், பெருங்களத்தூரில் பொருத்தப்பட்ட பொறியை நீக்கினால், அவ்வண்டியை ரோவர் எஸ்டி1 வண்டியிலிருந்து வேறுபடுத்திக் காட்டும் முதன்மைக் கூறு மறைந்துவிடும்.

தேர்வுக்கான அளவைகள்

மாற்றத்துக்கு முன்

முதலில் ஆராய வேண்டியது, பொறியை மாற்றத்தான் வேண்டுமா என்பதாகும். உருளைத் தேய்மானம், கிராங்க் தண்டுத் தேய்மானம், வால்வுக் கசிவு ஆகியவற்றைப் பட்டறையில் சீர்செய்ய இயலும். உருளைகளை அகலக் கடைந்து பெரிய பிஸ்டன்களைப் பொருத்தலாம் அல்லது உருளைக்குள் உட்குழல் இடலாம். வான்கார்டு பொறியில் உருளைகள் நீரால் சூழப்பட்ட, கழற்றக்கூடிய குழல்களாக உள்ளன. ஆகவே பொறிக்கட்டையைக் கடையாமலேயே குழலையும் பிஸ்டனையும் சேர்த்து மாற்றிவிடலாம். பொறிக்கட்டையில் பிளவு, கிராங்க் தண்டில் முறிவு ஆகியன இருந்தால் மட்டுமே மாற்றுப் பொறி தவிர்க்க இயலாததாகிறது.

ஒரே குடும்பப் பொறி

மாற்றம் தேவை என முடிவானால், அதே குடும்பத்தைச் சேர்ந்த பெரிய பொறியைத் தேடுவது எளிய வழி. ஹெரால்டு மகிழுந்தின் பொறி 948, 1147 கன செ.மீ. அளவுகளில் வந்தது. அதே குடும்பப் பொறி டிரையம்ப் நிறுவனத்தின் பிற வண்டிகளில் 1296, 1493 கன செ.மீ. அளவுகளுக்கு வளர்ந்தது. பிரித்தானியாவில் ஹெரால்டின் தனி அடிச்சட்டத்திலேயே ஆறு உருளைப் பொறி பொருத்தி வைட்டஸ் எனும் வண்டியும் வெளியிடப்பட்டது. இத்தகைய முன்னுதாரணம் இருப்பின், தாங்கிகளின் இடமும் அடிச்சட்டத்தின் வலுவும் ஏற்கெனவே சோதிக்கப்பட்டவை எனக் கொள்ளலாம்.

அமைவுத் திசை

பழைய மகிழுந்துகளில் பெரும்பாலானவற்றில் பொறி நெடுக்கு வாக்கில் அமைந்து, பின் சக்கரங்களை இயக்கும். இன்றைய சிறு மகிழுந்துகளில் பொறி குறுக்கு வாக்கில் அமைந்து முன் சக்கரங்களை இயக்கும். இதனால் பழைய பொருள் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பொறிகளுள் பல பயன்படாமல் போகின்றன. மாருதி நிறுவனத்தின் வண்டிகளுள் 800 குறுக்குப் பொறியையும், ஆம்னி, ஜிப்சி ஆகியன நெடுக்குப் பொறியையும் கொண்டிருந்தன. நெடுக்குப் பொறியை அதற்குரிய கியர் பெட்டியுடன் சேர்த்து வாங்குவதே நல்லது. இல்லையெனில் இரண்டையும் இணைக்கத் தனித் தகடு கடைந்தெடுக்க வேண்டும். அத்தகட்டின் மையம் சற்றே விலகினாலும் கிளட்சும் உருளைத் தாங்கிகளும் விரைவில் பழுதாகும்.

இடமும் எடையும்

பொறியின் நீள அகலத்துடன் எண்ணெய்த் தொட்டியின் இருப்பிடத்தையும் அளக்க வேண்டும். அது முன் அச்சின் குறுக்குச் சட்டத்தையோ திசைமாற்றுத் தண்டையோ தொடுமாயின், தொட்டியை வெட்டி மாற்றியமைக்க நேரிடும். பெட்ரோல் பொறிக்குப் பதிலாக டீசல் பொறி வைக்கும்போது முன்பக்க எடை கூடுவதால் சுருள்வில்கள் தாழ்ந்து, திசைமாற்றி கனக்கும். ஆற்றல் கூடும் அளவுக்கு நிறுத்திகளும் மேம்பட வேண்டும். நான்கு சக்கரங்களிலும் டிரம் நிறுத்தி கொண்ட வண்டியில் ஆற்றலை இரட்டிப்பாக்குவது பாதுகாப்பற்றது.

பல்விகிதம்

பொறியின் சுழற்சி வேகமும் பின்னச்சின் பல்விகிதமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். எடுத்துக்காட்டாக, சக்கரச் சுற்றளவு 1.95 மீட்டர் எனவும், பின்னச்சு விகிதம் 4.55 எனவும் கொண்டால், நேரடி கியரில் பொறி நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது வண்டி மணிக்கு ஏறத்தாழ 77 கி.மீ. வேகத்தில் செல்லும். விகிதம் 3.9 ஆக இருந்தால் அதே சுழற்சியில் வேகம் 90 கி.மீ. ஆகும். குறைந்த சுழற்சியில் இயங்கும் டீசல் பொறியை உயர்ந்த விகிதம் கொண்ட பழைய அச்சுடன் இணைத்தால், நெடுஞ்சாலையில் பொறி இரைச்சலுடன் ஓடுமேயன்றி வண்டி விரையாது. ஐந்தாவது கியர் கொண்ட பெட்டி இக்குறையைப் பெருமளவு தீர்க்கும்.

மின்னமைப்பும் எரிபொருளும்

பழைய பிரித்தானிய வண்டிகளுள் பல, மின்கலத்தின் நேர்முனையை உடலுடன் இணைத்தவை. மாற்றுப் பொறியின் ஆல்டர்னேட்டர் எதிர்முனை இணைப்பைக் கோரும். இதைக் கவனியாது இணைத்தால் அது எரிந்துவிடும். மின்னணு எரிபொருள் செலுத்து முறை கொண்ட பொறியாயின், கட்டுப்பாட்டுக் கணினி, உணரிகள், உயரழுத்த எரிபொருள் எக்கி, கம்பித் தொகுதி ஆகிய அனைத்தையும் ஒரே வண்டியிலிருந்து எடுத்தல் வேண்டும்.

இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில் முற்றிலும் நீக்கப்பட்டது. ஈயம் பழைய பொறிகளின் வால்வு இருக்கைகளைத் தேய்மானத்திலிருந்து காத்து வந்தது. ஆகவே பழைய பொறியைச் சீர்செய்யும்போது கடினப்படுத்திய வால்வு இருக்கைகள் பொருத்தப்படுகின்றன. 2023இல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகமான பின், கார்புரேட்டரின் ரப்பர், தக்கைப் பாகங்களையும் எத்தனாலைத் தாங்கும் பொருள்களுக்கு மாற்றுவது இன்றியமையாததாகியுள்ளது.

கடற்கரைச் சூழல்

திருவான்மியூரிலிருந்து கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் வழியே தெற்கே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பகுதியில் உப்புக் காற்று இரும்புப் பாகங்களை விரைவில் அரிக்கிறது. பொறி மாற்றத்துக்கு முன் அடிச்சட்டத்தின் தாங்கிப் பகுதிகளைச் சுத்தியலால் தட்டிச் சோதிப்பது வழக்கம். துருவேறிய சட்டத்தின் மீது கனமான பொறியைப் பொருத்தினால், பற்றவைத்த தாங்கி சட்டத்தோடு பெயர்ந்துவிடக்கூடும்.

இரும்புக் கட்டையும் அலுமினியத் தலைப்பகுதியும் கொண்ட பொறிகளில், இரு உலோகங்களுக்கிடையே மின்வேதி அரிமானம் நிகழ்கிறது. குளிர்விப்பானில் உப்பு கலந்த கிணற்று நீரை ஊற்றுவது இதை விரைவுபடுத்தும். நீர்வழிகளில் படிவும் உண்டாகும். காய்ச்சி வடித்த நீரையும் அரிமானத் தடுப்பு நீர்மத்தையும் கலந்து பயன்படுத்துவதே முறை. அக்னி நட்சத்திர நாள்களின் வெப்பத்தில் நெரிசலான சாலையில் மெதுவாகச் செல்லும்போதுதான் குளிர்விப்பு அமைப்பு உண்மையில் சோதிக்கப்படுகிறது. ஆகவே மாற்றுப் பொறியின் ஆற்றலுக்கு ஏற்ற ரேடியேட்டரும் மின்விசிறியும் தேர்வுக் கணக்கில் தொடக்கத்திலேயே சேர்க்கப்பட வேண்டும்.

பொறிகள் கிடைக்குமிடம்

சென்னைப் புதுப்பேட்டை, பழைய வண்டிகளின் பாகங்களுக்குப் பெயர்பெற்ற சந்தையாகும். பழைய பொறியை வாங்குவோர், பொறி எண் தெளிவாக உள்ளதா, அது சுரண்டி மாற்றப்பட்டுள்ளதா என்பதைக் காண வேண்டும். விற்பனைச் சீட்டில் அவ்வெண் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஆவணமற்ற பொறி திருட்டு வண்டியினுடையதாக இருக்கக்கூடும். அதைப் பதிவு செய்யவும் இயலாது.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்றிதழின் விவரங்கள் அமையும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. வேறு எரிபொருள் அல்லது மின்கலத்தால் இயங்குவதற்காக, ஒப்புதல் பெற்ற மாற்றுத் தொகுதியைப் பொருத்துவதற்கு நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புகளை மாற்றும் வகையில் வண்டிகளைத் திருத்தியமைக்க இயலாது எனத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் தண்டம், அல்லது இரண்டும் விதிக்க வழிசெய்கிறது.

பொறி எண் பதிவுச் சான்றிதழில் இடம்பெறுவதால், அதே வகைப் பொறியை மாற்றினாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதைப் பதிந்துகொள்ள வேண்டும். பதியப்படாத பொறியுடன் ஓடும் வண்டி விபத்துக்குள்ளானால், காப்பீட்டு இழப்பீடு மறுக்கப்படவும் வாய்ப்புண்டு.

2021 சூலையில் நடுவண் அரசு தொன்மை வாகனங்களுக்கெனத் தனிப் பதிவு விதிகளை அறிவித்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டு, மூல வடிவில் பேணப்பட்டு, பெரும் மாற்றங்களுக்கு உட்படாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் இதற்குத் தகுதியுடையவை. புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். இவ்வண்டிகளை அன்றாடப் பயணத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்த இயலாது. வேற்று வகைப் பொறி பொருத்தப்பட்ட வண்டி இத்தகுதியை இழக்க நேரிடும். 1961 முதல் வெளிவந்த ஹெரால்டு வண்டிகளுள் பல ஏற்கெனவே இவ்வயது வரம்பைக் கடந்துவிட்டன. 1985இல் பதியப்பட்ட ஸ்டாண்டர்டு 2000 வண்டி 2035இல்தான் அதை எட்டும். அதற்குள் பொறியை மாற்றிவிடும் உரிமையாளர் அவ்வாய்ப்பைக் கைவிடுகிறார்.

மூலத்தன்மை பற்றிய கருத்துகள்

பழைய மகிழுந்து ஆர்வலர்களிடையே இது குறித்து இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. மூலப் பொறி இல்லாத வண்டி வரலாற்றுச் சான்றாகாது என்பது ஒரு சாராரின் கருத்து. பன்னாட்டுத் தொன்மை வாகனக் கூட்டமைப்பும், குறைந்தது 30 ஆண்டுகள் பழைமையும் வரலாற்று நோக்கில் சரியான நிலையும் கொண்டவற்றையே தொன்மை வாகனங்களாக ஏற்கிறது. ஓடாமல் கொட்டகையில் துருவேறும் வண்டியைவிட, வேற்றுப் பொறியுடன் ஓடும் வண்டியே மேல் என்பது மற்றொரு சாராரின் கருத்து.

இரண்டுக்கும் இடைப்பட்ட வழியொன்றும் பின்பற்றப்படுகிறது. உடலையோ அடிச்சட்டத்தையோ வெட்டாமல், திருகாணிகளால் மட்டும் மாற்றுப் பொறியைப் பொருத்தி, மூலப் பொறியை எண்ணெயிட்டுப் பாதுகாத்து வைப்பதே அது. பிற்காலத்தில் உதிரிப் பாகங்கள் கிடைக்கும்போது வண்டியை மூல நிலைக்குக் கொண்டுவர இவ்வழி இடமளிக்கிறது. எனினும் இவ்வாறு பொருத்தப்படும் பொறிக்கும் மேற்கூறிய சட்டக் கட்டுப்பாடுகள் பொருந்தும்.

இவற்றையும் பார்க்கவும்

* அம்பாசடர் மகிழுந்து
* உள் எரி பொறி
* பெருங்களத்தூர்
* கிழக்குக் கடற்கரைச் சாலை